பதினேழு பல்லும் இருபது பல்லும்

செப்டம்பர் 8, திங்கள்

மெஜஸ்டிக்கில் இன்றைக்கும் மூன்று மெட்ரோவை விட்டுவிட்டு நாலாவதில் தொங்கிக்கொண்டு வந்தேன். பீன்யாவில் இறங்கிப் பார்த்தால் சட்டையில் ஒரு பட்டன் காணோம். ஷெட்டுக்குள் நுழைவதற்குள் போன். லட்சுமம்மா.

மளவள்ளி பக்கம் எங்கள் கம்பெனி ஹார்வெஸ்டர் மூன்றை வைத்து வாடகைக்கு ஓட்டுகிற அம்மா. திட்ட ஆரம்பித்தால் நடுவில் மூச்சு விடமாட்டார். "ஏனப்பா மேஸ்திரி, உன் மிஷின் வாயில போட்டுக்குது, முழுங்க மாட்டேங்குது!"

சரியாகத்தான் சொல்கிறார். மிஷின் முன்னால் கதிரை அறுக்கிறது, நடுவில் நெல்லை உதிர்க்கிறது. உதிர்ந்த நெல்லை மேலே இருக்கிற டேங்குக்குத் தூக்குவது எலிவேட்டர். நீளமான டப்பாவுக்குள் செயின், செயினில் ரப்பர் தகடு, அவ்வளவுதான். அது மெதுவாகச் சுற்றினால் நெல் அடியில் தேங்கி அடைத்துக்கொள்ளும். அதனால் விளைச்சல் நல்லா இருக்கிற வயலில் டிரைவர் ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. நல்ல விளைச்சலைப் பார்த்துப் பயப்படுகிற அறுவடை மிஷினை இந்த ஊரில் நாங்கள்தான் செய்கிறோம்.

"ஒரு கியர் ஏத்தி ஓட்டற மாதிரி பண்ணிக் கொடு. அஞ்சு வண்டி எடுக்கறேன். இல்லேன்னா வேற கம்பெனி பாத்துக்கறேன்." வைத்துவிட்டார்.

செப்டம்பர் 10, புதன்

மீட்டிங். பதினோரு பேர். அதில் ஹார்வெஸ்டரைக் கையால் தொட்டவர்கள் நானும் என்னோடு வேலை செய்கிற லாயிடும்தான். மற்றவர்கள் பிஸ்கட்டைத் தொட்டார்கள்.

ஜெனரல் மேனேஜர் சுந்தரேசன் சார் பிரச்சினையை நாற்பது நிமிஷம் விளக்கினார். பிறகு யாருக்காவது யோசனை உண்டா என்றார். நான் எழுந்து, எலிவேட்டரை ஓட்டுகிற சக்கரத்துக்கு இப்போது பதினேழு பல், இருபது பல் சக்கரம் போட்டால் நிமிஷத்துக்கு 350 சுற்று 410 பக்கம் வந்துவிடும், செயினில் ரெண்டு கண்ணி சேர்க்கணும், ஒரு மதிய வேலை என்றேன்.

"டேட்டா இருக்கா யேசு?"

"காது இருக்கு சார். இருபத்தெட்டு வருஷமா அந்தச் சத்தத்தைத்தான் கேக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மினிட்ஸில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'யேசுதாஸ், ஃபிட்டர் — கருத்து பதிவு செய்யப்பட்டது.' பதிவு செய்து எங்கே வைப்பார்கள் என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 11

வீட்டில் என் மனைவி தனலக்ஷ்மியிடம் சொன்னேன். "மூணு பல்லுக்கா பதினோரு பேர் கூடினாங்க? ஒரு பல் டாக்டரைக் கூப்பிட்டிருந்தா முடிஞ்சிருக்குமே" என்கிறாள்.

செப்டம்பர் 15, திங்கள்

நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம். முதல் மூன்று பத்தியில் எங்களை ஒரே குடும்பம் என்கிறது. நாலாவது பத்தியில், நவம்பர் டெமோவில் லட்சுமம்மாவின் ஆர்டர் கிடைக்காவிட்டால் ஹார்வெஸ்டர் லைன் 'மறுபரிசீலனை' செய்யப்படும் என்கிறது. அதாவது மூடுவார்கள். வெளியிலிருந்து மிஷினை இறக்கி, எங்கள் ஸ்டிக்கரை ஒட்டி விற்பார்கள். ஸ்டிக்கர் ஒட்ட, லைனில் இருக்கிற நாங்கள் பதினாலு பேர் எதற்கு?

இந்த நடை எனக்குப் புதுசில்லை. கோலார் தங்க வயலில் சுரங்கத்தை மூடினபோது அப்பாவுக்கும் இப்படித்தான் அழகான காகிதம் வந்தது. அவர் அதைப் படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார், நான் வாசித்தேன், அவர் மறுபடியும் வாசிக்கச் சொன்னார். இன்னொரு மூடலைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. ஐம்பத்திரண்டு வயசில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? எங்கள் ஜீவனஹள்ளியில் செக்யூரிட்டி வேலைக்கே நாற்பதுக்குள் கேட்கிறான்.

பயமா இருக்கு. எழுதிட்டேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 18, வியாழன்

தீர்வு வந்துவிட்டது. பெயர் சாய்கிருஷ்ணா. இருபத்தொன்பது வயசு, தாடி, முதுகில் பை, கையில் லேப்டாப். வெளிக் கம்பெனியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்திருக்கிறான். சக்கரத்தையும் செயினையும் கழற்றிவிட்டு ஒரு ஹைட்ராலிக் மோட்டார் மாட்டுவானாம். ஒரு சென்சார் வேகத்தை எண்ணுமாம். டிரைவர் முன்னால் ஸ்கிரீன். 410 என்று சொல்லி வைத்தால், குறைந்தால் தானே கூட்டும், கூடினால் தானே குறைக்கும்.

சுந்தரேசன் சார் கண்ணில் தண்ணீர் வராத குறை. "இதுதான் யேசு, எதிர்காலம்!"

மூன்று பல்லுக்கு எதிர்காலமே வர வேண்டியிருக்கு.

செப்டம்பர் 24, புதன்

மாட்டி முடித்தோம். சும்மா சொல்லக்கூடாது, பையன் வேலை சுத்தம். கையில் கிரீஸ் பட்டால் முகம் சுளிக்கவில்லை. டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குகிறான். "தாஸண்ணா" என்கிறான்.

சென்சார் சங்கதியைக் காட்டினான். எலிவேட்டர் தண்டின் முனையில் ஒரு கறுப்புத் தட்டு. அதில் வெள்ளை பெயிண்டில் ஒரே ஒரு புள்ளி. தட்டு சுற்றும்போது அந்தப் புள்ளி சென்சாரைக் கடந்தால் ஒரு சுற்று என்று கணக்கு. அவ்வளவு பெரிய எதிர்காலம் ஒரு சுண்ணாம்புப் பொட்டில் நிற்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். வெறும் மிஷினை ஓட்டினோம். 410. நின்று விளையாடுகிறது.

அக்டோபர் 1, புதன் — ஆயுத பூஜை

போன வருஷம் வரை லைனில் மூத்தவர் முனியப்பன்தான் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைப்பார். அவர் ரிட்டையர் ஆகிவிட்டார். லைனில் அடுத்த மூத்தவன் நான். எந்தச் சாமி கும்பிடுகிறவன் என்று யாரும் பார்ப்பதில்லை, மூத்த கைதான் வைக்க வேண்டும் என்பது எங்கள் ஷெட் வழக்கம். லாயிட் மட்டும் "ஃபாதர் கேட்டா நான் பாக்கலைன்னு சொல்லிடறேன் மச்சான்" என்றான். பொரி கடலை பாக்கெட் ரெண்டு வாங்கிக்கொண்டுதான் சொன்னான்.

தனலக்ஷ்மி வீட்டிலேயே பாடம் எடுத்து அனுப்பினாள். மோதிர விரலால் வைக்கணும், முதலில் சந்தனம், மேலே குங்குமம், அவசரப்படக் கூடாது. கிறிஸ்துவன், ஏனோதானோ என்று வைத்தான் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிடக் கூடாதே! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வைத்தேன். டெமோ வண்டிக்கு மட்டும் அறுபத்து மூன்று பொட்டு. சுற்றுகிற சாமான் ஒன்றையும் விடவில்லை, மூடி போட்டிருந்ததைக்கூடத் திறந்து வைத்தேன். கோவிந்தப்பா — எங்கள் இன்ஸ்பெக்டர் — பார்த்துவிட்டு, "முனியப்பன்கூட இவ்வளவு நீட்டா வெச்சதில்லப்பா" என்றார். உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை.

பூசணிக்காய் உடைத்தோம். பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

அக்டோபர் 3, வெள்ளி

டெமோ வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்கிரீனில் 410. சுந்தரேசன் சார் போட்டோ எடுத்து மேலே அனுப்பினார். எனக்கு என்னவோ சத்தம் சோம்பலாகக் கேட்டது. சொல்லவில்லை. சொன்னால் டேட்டா இருக்கா என்பார். டேட்டா அவர் எதிரிலேயே பச்சை எழுத்தில் எரிகிறது. மறுபடியும் தார்ப்பாய்.

நவம்பர் 6, வியாழன்

மளவள்ளி. டெமோ.

என்னத்த எழுத.

நல்லா விளைந்த வயல், தலை சாய்ந்த கதிர். லட்சுமம்மா வரப்பில் குடை பிடித்து நிற்கிறார். அவரோடு பத்து விவசாயிகள். வண்டி இறங்கி நாற்பதடி போகவில்லை, அடைத்துக்கொண்டது. பழைய வண்டிகூட இருநூறு அடி போகும்! சுத்தம் செய்து விட்டோம். மறுபடி நாற்பதடி. மறுபடி அடைப்பு. ஸ்கிரீனில் மட்டும் 410. ஆடாமல் அசையாமல் 410.

சுந்தரேசன் சார் லட்சுமம்மாவிடம் ஸ்கிரீனைக் காட்டினார். "நோடி, பாருங்க, வேகம் கரெக்டா இருக்கு. உங்க நெல்லுலதான் ஈரம் அதிகம்."

அந்தம்மா டேங்குக்குள் எட்டிப் பார்த்தார். ரெண்டு படி நெல் இருந்தால் அதிகம். "சாமி, உங்க டிவிக்குள்ள நல்லா அறுவடை ஆகுது. நெல்லு மட்டும் கீழயே இருக்கு" என்றார். விவசாயிகள் சிரித்த சிரிப்பில் வரப்பு இடிந்திருக்கும். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "இருபதாம் தேதி தெற்கு வயல் அறுக்கறேன். உன் முகத்துக்காக இன்னொரு தடவை. அத்தோட சாகு, போதும்."

மூன்றாவது தடவை அடைப்பை எடுக்க மேலே ஏறி மூடியைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. அந்தக் கறுப்புத் தட்டு. ஒரு பக்கம் சாய்கிருஷ்ணா வைத்த வெள்ளைப் புள்ளி. நேர் எதிர்ப்பக்கம், காய்ந்து வெளுத்த சந்தனப் பொட்டு. குங்குமம் உதிர்ந்துவிட்டது. சந்தனம் சிமெண்ட் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு நீட்டாக.

ஒரு சுற்றுக்கு ரெண்டு புள்ளி. மிஷின் 205 சுற்றினால் சென்சார் 410 என்கிறது. கூடிவிட்டதோ என்று பயந்து மோட்டாரைப் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறது, பாவம். அது சொன்னபடி கேட்கிற பிள்ளை. பொட்டு வைத்த படுபாவி நான்.

யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கிவிட்டேன்.

அதே நாள், திரும்பி வந்து

வேனில் வரும்போது சுந்தரேசன் சார் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "இருபதாம் தேதிக்கு உன் சக்கரத்தையே போட்டுத் தொலை யேசு."

எனக்கு வேண்டியது இதுதானே? வாயை மூடிக்கொண்டிருந்தால் என் சக்கரம் ஜெயிக்கும். பதினாலு பேர் பிழைப்பார்கள். வாயைத் திறந்தால், டெமோவைக் கெடுத்தவன் என்று முதல் சீட்டு எனக்குத்தான் கிழியும், சக்கரமும் கிடையாது. அப்ப ஏன்டா சோறு இறங்க மாட்டேங்குது?

தனலக்ஷ்மியிடம் கொட்டினேன். அவள், "குங்குமம் ஏன் உதிர்ந்துச்சு? நீங்க தண்ணி ஜாஸ்தி விட்டு கொழைச்சிருப்பீங்க" என்றாள்.

நவம்பர் 7, வெள்ளி

லாயிடிடம் சொன்னேன். "மச்சான், ஞாயித்துக்கிழமை சர்ச்சுல சொல்லு, வேற எங்கயும் சொல்லாத. எனக்கு ரெண்டு பொண்ணுங்க" என்றான்.

நவம்பர் 10, திங்கள்

ரிப்போர்ட் வந்துவிட்டது. முப்பத்தொரு பக்கம். எலிவேட்டரில் குறை எதுவும் இல்லையாம். 'பயிர் எதிர்பார்த்த தரநிலைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறது. நெல்லுக்கு மெமோ கொடுக்காததுதான் பாக்கி.

ஆனாலும் மேலே யாரையாவது காட்ட வேண்டுமே. சாய்கிருஷ்ணாவின் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிப்பு. மதியம் கேன்டீனில் அவன் தட்டு அப்படியே இருந்தது. "நாப்பது தடவை ப்ரோக்ராமைப் பார்த்துட்டேன் தாஸண்ணா. தப்பே தெரியல. எனக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு. நான் இந்த வேலைக்கே லாயக்கில்லையோ?"

எதிரில் உட்கார்ந்து நான் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுகிறேன். மனுஷனா நான்? த்தூ!

நவம்பர் 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலை மீட்டிங்கில் எழுந்து நின்று, சந்தனம், பொட்டு, தட்டு, எல்லாம். வேலை போனாலும் போகட்டும், அந்தப் பையன்மேல் பழி வேண்டாம் என்றேன். நான் எதிர்பார்த்தது திட்டு. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

முதலில் வாயைத் திறந்தவர் எச்.ஆர். ஷோபா மேடம். "யேசுதாஸ், இதை நீங்க எழுத்துல கொடுக்கலையே?" இல்லை என்றேன். "கொடுக்காதீங்க." முகம் வெளுத்துவிட்டது. ஒரு கிறிஸ்துவர் வைத்த பொட்டால் மிஷின் நின்றது என்று கம்பெனி காகிதத்தில் வந்தால் நாளைக்கு கேட்டில் யார் யார் வந்து நிற்பார்கள், யோசித்தீர்களா என்றார். பூஜையால் நின்றது என்றால் அது இன்னும் மோசம். அப்படியானால் 'சந்தனம்' என்பதற்குப் பதில் 'வெளிப்பொருள்' என்று போடலாமா என்று ஒருவர் கேட்டார். வெளிப்பொருள் உள்ளே எப்படி வந்தது என்று ஆடிட்டில் கேட்பார்களே என்றார் இன்னொருவர். இருபது நிமிஷம் விவாதம். கடைசியில் சுந்தரேசன் சார் முடிவு சொன்னார்: ரிப்போர்ட் ரிப்போர்ட்டாகவே இருக்கட்டும். நெல்தான் காரணம். நான் எதுவும் சொல்லவில்லை.

அதாவது நான் சொன்னேன், ஆனால் சொல்லவில்லை. மினிட்ஸில் 'யேசுதாஸ் — பண்டிகை வாழ்த்து தெரிவித்தார்' என்று இருக்கிறது.

ஒரே நல்லது, ஸ்கிரீனில் குறையில்லை என்று மீட்டிங்கிலேயே முடிவாகிவிட்டதால் சாய்கிருஷ்ணாவை அனுப்பக் காரணமும் இல்லாமல் போய்விட்டது. அவன் ஷெட்டுக்கு ஓடி வந்து தட்டைப் பார்த்தான். நான் தலை குனிந்து நிற்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், கண்ணில் தண்ணீர் வழிகிறது. "நாப்பது தடவை அண்ணா! நாப்பது தடவை ப்ரோக்ராமைத் தொறந்தேன், ஒரு தடவை மூடியைத் தொறக்கலையே!"

நவம்பர் 12, புதன்

அவனும் நானும் தட்டிலிருந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆறு மூட்டை நெல் வாங்கி ஷெட்டிலேயே ஓட்டிப் பார்த்தோம். 350ல் அடைக்கிறது. 460ல் அடைப்பு இல்லை, ஆனால் நெல் உடைகிறது, கைப்பிடிக்கு ஏழெட்டு அரிசி தெறிக்கிறது. 400க்கும் 420க்கும் நடுவில் ரெண்டுமில்லை. பையன் தரையில் உட்கார்ந்து தாடியைச் சொறிந்தான்.

"அண்ணா, நாள் பூரா ஒரே வேகம்தான் வேணும்னா, கூட்டிக் குறைக்க மோட்டார் எதுக்கு?"

"அதைத்தான் ரெண்டு மாசமா கருத்தா பதிவு பண்ணி வெச்சிருக்காங்க" என்றேன்.

மோட்டாரைக் கழற்றினோம். இருபது பல், ரெண்டு கண்ணி. சரியாக ஒரு மதியம். ஸ்கிரீனை மட்டும் கழற்றக் கூடாது என்று உத்தரவு, போட்டோ மேலே போய்விட்டதாம். சக்கரத்தைப் பற்றிக் கேட்டதற்கு சுந்தரேசன் சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "போடு. ஆனா எனக்குத் தெரியாது" என்றார்.

நவம்பர் 20, வியாழன்

வண்டி வயலில் இறங்கியபோது மாதாவையும் கூப்பிட்டேன், தனலக்ஷ்மியின் முருகனையும் கூப்பிட்டேன்.

நாற்பதடி. நூறடி. டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தான். கையைக் காட்டினேன், ஒரு கியர் ஏற்றினான். இருநூறடி. டப்பாவுக்குள் நெல் ஏறுகிற சத்தம், மழை தகரத்தில் அடிக்கிற மாதிரி. டேங்க் நிரம்பி வழிகிற வரைக்கும் நிற்கவேயில்லை. ஐயோ, அந்தச் சத்தம்! லாயிட் என் தோளைப் பிடித்துக் குலுக்குகிறான். நான் அழுதேன். அழுததை எழுதுவதில் என்ன வெட்கம்.

சுந்தரேசன் சார் ஸ்கிரீனைப் பார்த்து முகம் சுளித்தார். "ஏன் 412 காட்டுது? டார்கெட் 410தானே? சாய், கரெக்ட் பண்ணுங்க."

"அதுக்கு ஃபார்ம் போடணும் சார்" என்றான் சாய்கிருஷ்ணா. தேறிவிட்டான்.

லட்சுமம்மா உள்ளங்கையில் நெல்லைப் போட்டுத் தேய்த்தார், ஊதினார், உடைசலைத் தேடினார். கிடைக்கவில்லை. "அஞ்சு வண்டி. பொங்கலுக்குள்ள வேணும். அந்த டிவி பேடா, வேண்டாம்."

நவம்பர் 24, திங்கள்

டிராயிங்கில் பதினேழை இருபது ஆக்க ஃபார்ம் கொண்டுபோனேன். 'மாற்றத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம். எலிவேட்டர் மெதுவாக இருந்தது என்று எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். எலிவேட்டரில் குறை இல்லை என்று முப்பத்தொரு பக்கத்துக்கு ரிப்போர்ட் இருக்கிறதாம். குறையே இல்லாததை எப்படித் திருத்துவது?

டிராயிங் பதினேழு. பதினேழாகவே இருக்கும்.

டிசம்பர் 15, திங்கள்

மூன்றாவது வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது. இப்போது ஒரு முறை வந்துவிட்டது எங்களுக்கு. டிராயிங்படி பதினேழு பல் சக்கரம் மாட்டுகிறோம். கோவிந்தப்பா வந்து பல்லை எண்ணுகிறார், பதினேழு, டிக், கையெழுத்து. அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "நான் டீக்குப் போறேன்பா. நாப்பது நிமிஷம் ஆகும்" என்கிறார். அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பதினேழு ஸ்டோருக்குப் போய்விடும், இருபது ஏறிவிடும். நேர்மையான மனுஷன், நாற்பது நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் வரமாட்டார்.

ஜனவரி 12, திங்கள்

ஐந்து வண்டியும் போய்விட்டது. லட்சுமம்மா சொல்லி, மத்தூர்க்காரர்கள் ஒன்பது கேட்டிருக்கிறார்கள். ஜூன் வரைக்கும் ஷெட்யூல் ஒட்டியிருக்கிறது. பதினாலு பேர், நானும் அதில். ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். டிஜிட்டல் கண்காணிப்பால் எலிவேட்டர் வேகம் பதினேழு சதவீதம் உயர்ந்ததற்காக சுந்தரேசன் சாருக்குக் கேடயம், பக்கத்தில் ஸ்கிரீன் படம். கொடுக்கட்டும், எனக்கு ஒன்றும் குறையவில்லை.

மதியம் மீட்டிங். ஒவ்வொரு வண்டியும் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து கேட்டுக்குப் போக நாற்பது நிமிஷம் அதிகமாகிறதாம். காரணம் தெரியவில்லையாம். அந்த நாற்பது நிமிஷம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு ஆலோசகர், எச்.ஆரிலிருந்து ஷோபா மேடம், இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து கோவிந்தப்பா, லைனிலிருந்து நான்.

நாளைக் காலை பதினோரு மணிக்கு முதல் கூட்டம். கோவிந்தப்பாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், அவர் எல்லோரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட வேண்டும் என்று.